நாற்பத்தேழாம் பக்கத்தில் என் மகன்

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம், ஆவண அறையின் நான்காம் அலுமாரியைத் திறப்பதற்கு முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டதுதான். பிறகு அலுமாரியைத் திறந்தேன். மூன்றாம் தட்டில், நான் தேடிவந்த ஆவணக் கோவை இருக்க வேண்டிய இடத்தில், அதன் அளவுக்குத் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடதாசிகளைப் பாதுகாப்பதில் என்னை மிஞ்ச ஆள் கண்டியிலேயே இல்லை என்று நான் நம்பியிருந்தேன். (வீட்டில் வேறு யாரும் அப்படி நம்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.) யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இருபத்திரண்டு வருடமாக ஓர் அரசாங்கக் கந்தோரில் ஆவணக் காப்பாளனாக இருந்தேன். அந்தக் காலமெல்லாம் ஒரு தாள்கூடத் தொலைந்ததில்லை. இதைக் கல்யாண வீட்டிலும் சொல்வேன், செத்த வீட்டிலும் சொல்வேன். கேட்டவர்கள் பொறுமையாகத் தலையாட்டினார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

என் மகன் சண்முகநாதனை வீட்டில் நாதன் என்போம். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. சென்னையில் ஒரு கல்லூரியில் கணிதம் படிக்கப் போய், முதல் வருடத்தை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தான். அந்த வருடத்தின் நடுவில் அவனுக்கு நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு, வந்தது. விடுதியிலிருந்து வந்த தந்தியில் ஐந்து சொற்கள் இருந்தன. கண்டியிலிருந்து தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து கப்பல், பிறகு மறுபடியும் ரயில். இரண்டு நாள் அந்த ஐந்து சொற்களோடு பயணம் செய்தேன். போய்ச் சேர்ந்தபோது என் மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பக்கத்துக் கட்டிலில் இருந்தவனிடம், இந்த மனிதர் யாரைத் தேடுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

மூன்றாம் நாள் என்னை அடையாளம் கண்டுகொண்டான். பிறகு தேறிவிட்டான். ஆனால் நான் மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை என்று என் மனைவி சொல்வாள்.

ஆகவே இரண்டாம் வருடத்தைக் கொழும்பில் படிப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. கொழும்பில் காய்ச்சல் வராதா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். கொழும்பில் காய்ச்சல் வந்தால் மாலைக்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று பதில் சொன்னேன்.

ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரியின் நடு வகுப்பில் நுழைவது எளிதல்ல. கொழும்பில் கணிதத்துக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியருக்கு நான்கு கடிதம் எழுதினேன். வெள்ளைக்காரர். நான்காவது கடிதத்துக்குப் பிறகு, என் கையெழுத்தை இனியும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, பதில் எழுதினார். இரண்டாம் வருடத்தில் இடம் தரலாம். ஆனால் பையன் முதல் வருடத்தை ஒழுங்காக முடித்தான் என்று சென்னைக் கல்லூரி அதிபர் எழுதி முத்திரையிட்ட மூலக் கடிதத்தைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும். பிரதி செல்லாது. திங்கட்கிழமையோடு பதிவு முடிகிறது. தாம் ஓய்வுக்காகக் கண்டியில், வாவிக் கரையில் நண்பர் வீட்டில் தங்கியிருப்பதால் சனிக்கிழமை பத்து மணிக்கு அங்கே வரலாம். மதியம் காரில் குருநாகலுக்குப் புறப்பட்டுவிடுவார்.

கடிதம் எங்களிடம் இருந்தது. அது தவறினால் இன்னொன்று வாங்க வழியில்லை. சென்னை அதிபர் விடுமுறைக்கு ஏதோ மலைக்குப் போயிருந்தார். கல்லூரி மறுபடி திறக்கும்வரை நாதனின் பெயரை அவர்கள் அங்கே வெட்டாமல் வைத்திருந்தார்கள். அதனால் என் கணக்கு மிக எளிது. கடிதத்தைக் காட்டினால் கொழும்பு. காட்டாவிட்டால் கப்பல்.

இவ்வளவு பெறுமதியான ஒரு தாளை எங்கே வைப்பது? அம்பிட்டியவில் எங்கள் வீடு மலைச் சரிவில் இருந்தது. மழைக் காலத்தில் சுவரெல்லாம் வியர்க்கும். கறையான் வேறு. என் மனைவிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

"அதை அவனிட்டையே குடுத்து வையுங்கோ," என்றாள். "பத்தொன்பது வயசுப் பெடியனுக்குத் தன்ர கடிதத்தை வைச்சிருக்கத் தெரியாதே?"

ஒரு தாளைக் காப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்று விளக்கினேன். (இப்படியெல்லாம் பேசிய மனிதன்தான் நான்.) வியாழக்கிழமை அதைக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். என் மேசை லாச்சியில் வைக்க மனம் வரவில்லை. இளைய எழுத்தர்கள் மைப்புட்டி தேடி அதைத் திறப்பார்கள். இரும்புப் பெட்டியின் சாவி எங்கள் மேலதிகாரியான துரையிடம் இருந்தது. ஆகவே ஆவணக் காப்பாளனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனை எனக்குத் தோன்றியது. யாரும் ஒருபோதும் கேட்காத ஒரு கோவைக்குள் வைத்துவிடுவது.

அப்படிப்பட்ட கோவைகள் எங்களிடம் நிறைய இருந்தன. அவற்றில் மிக ஆழ்ந்து உறங்கியது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கலகெதரைப் பக்கத்து வயல் ஒன்றின் உரிமை பற்றியது அது. பதினொரு வருடமாக அசையவில்லை. அதன் நடுவில் என் மகனின் கடிதத்தைச் செருகி, நாடாவைக் கட்டி, அலுமாரியைப் பூட்டினேன். அன்று இரவு பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை அந்தச் சதுரத்தைப் பார்த்தபடி நின்றபோது, பியூன் மாணிக்கம் கையில் தூசித் துணியோடு வந்தார். மஹய்யாவைக்காரர், நாற்பது வயது, ஒன்பது வருடம் என்னிடம் வேலை பழகியவர்.

நான்காம் அலுமாரியில் ஒரு பைலைக் காணவில்லை என்றேன்.

"கலகெதர வயல் பைலுங்களா ஐயா? அத காலையில ஏழரை பஸ்ஸுல அனுப்பிட்டேங்க."

வெள்ளிக்கிழமை நான் கோட்டுக்கு இஸ்திரி போடுவதற்காகச் சற்று முன்னதாகவே வீட்டுக்குப் போயிருந்தேன். நான் போன பிறகு கலகெதரையிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. அங்கே ரட்டேமாத்தயா, அதாவது அந்தப் பகுதித் தலைவர், புதிதாக நியமனமானவர். பழைய வழக்குகளையெல்லாம் முடித்துவிடுவது என்று கிளம்பியிருந்தார். சனிக்கிழமை விசாரணைக்கு அந்தக் கோவை வேண்டுமாம்.

"கேட்ட பைல் மொத பஸ்ஸுல போகணும்னு நீங்கதானே ஐயா சொல்லிக் குடுத்தீங்க," என்றார் மாணிக்கம். "பக்கமெல்லாம் நம்பர் போட்டுத்தான் போகணும்னும் சொல்லியிருக்கீங்க. ஒண்ணு விடாம போட்டேன். நாப்பத்தேழாவதா ஒரு இங்கிலீசு கடுதாசி இருந்துச்சு. சீல் எல்லாம் இருந்ததால முக்கியமானதுன்னு நெனச்சு செவப்பு மையில போட்டேங்க."

ஒன்பது வருடமாக அவரிடம் குறை கண்டுகொண்டே இருந்தேன். அன்றுதான் முதல் தடவையாக ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்திருந்தார். நான் என்ன சொல்ல முடியும்? நன்றாகச் செய்தீர் என்றேன்.

நாதன் அப்போது வாவிக் கரையில் அந்த வீட்டு வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பான். மாணிக்கத்தை அங்கே ஓடச் சொன்னேன். கடிதம் கலகெதரையில் இருக்கிறது, ஐயா எடுக்கப் போயிருக்கிறார், நீ உள்ளே போய்ப் பேசிக்கொண்டிரு என்று சொல்லச் சொன்னேன். பிறகு நானும் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில், பேராசிரியரைப் பார்ப்பதற்கென்று எடுத்த கல்யாணக் கோட்டில், பூச்சி உருண்டை மணத்தோடு, கண்டிக் கடைவீதியில் ஓடினேன். கந்தோருக்கு அலுவலாக வந்து என்னிடம் பலமுறை திட்டு வாங்கியவர்கள் கடை வாசல்களில் நின்று பார்த்தார்கள். ஒருவர் வழிவிட்டுக் கும்பிட்டார். அது மரியாதையா என்று நின்று பார்க்க நேரமில்லை.

பஸ் நிரம்பும்வரை புறப்படாது. நிரம்பிய பிறகும் புறப்படவில்லை. வழியில் மூன்று இடத்தில் மிளகு மூட்டை ஏற்றினார்கள். ஒவ்வொரு மூட்டையையும் கூரையில் கட்டுவதற்கு முன் சாரதி இறங்கிப்போய் மூட்டைக்காரரோடு குடும்ப நலம் விசாரித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி கட்டுகஸ்தோட்டையில் போயிற்று. பதினொரு மணி ஒரு வளைவில் போயிற்று. கலகெதரையில் இறங்கியபோது பதினொன்றரை.

விசாரணை ரட்டேமாத்தயாவின் வீட்டு முன் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. நான் நுழைந்த வேளையில் அவருடைய எழுத்தர் என் மகனின் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆங்கிலத்தில் வாசித்து, சிங்களத்தில் விளக்கினார். சண்முகநாதன் என்பவர் ஒழுங்காகச் சமுகமளித்தார், அவருடைய நடத்தை நன்று, அவர் போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. மண்டபம் ஆழ்ந்த அமைதியில் கேட்டது. வயலுக்காக வழக்காடியவர்கள் இருவர். ஒருவர் காசிம் என்ற மிளகு வியாபாரி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். மற்றவர் அவருடைய மச்சான். இந்தச் சண்முகநாதன் யார் என்பது இருவருக்கும் தெரியாது. ஆனாலும் மச்சான்காரர், இது காசிம் புதிதாகப் பிடித்த சாட்சி என்று ஆட்சேபித்தார். அவர் ஆட்சேபித்ததைக் கண்டதும் காசிம், அந்தக் கடிதம் தம் பக்கத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

நான் முன்னால் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அது தவறுதலாக வந்த தாள், தயவு செய்து தந்துவிடுங்கள் என்றேன். எழுத்தர் மிகவும் பணிவாக எழுந்து நின்றார். பக்க இலக்கமிட்ட எந்தத் தாளையும், அனுப்பிய கந்தோரின் துரை கையொப்பமிட்ட கட்டளை இல்லாமல் கோவையிலிருந்து கழற்றக்கூடாது என்றார். அந்த விதி எனக்குத் தெரியுமா என்றும் கேட்டார்.

தெரியும். அதை எழுதியவனே நான். நான்கு வருடத்துக்கு முன் அந்தச் சுற்றறிக்கையை எழுதி, கீழ்க் கந்தோர்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பி, கிடைத்ததாக ஒப்பமும் வாங்கியிருந்தேன். அவர் அதைச் சுவரில் ஒட்டியே வைத்திருந்தார். எங்கள் துரையோ சனிக்கிழமைகளில் டென்னிஸ் மைதானத்துக்குப் போய்விடுவார். அங்கே கடதாசி என்ற சொல்லையே யாரும் எடுக்க முடியாது.

ரட்டேமாத்தயா என்னைச் சாட்சி நிற்கும் இடத்தில் நிற்கச் சொன்னார். அந்தத் தாளுக்கும் வயலுக்கும் சம்பந்தம் இல்லை என்று சத்தியம் செய்து சொன்னால் பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார். சத்தியம் செய்தேன். பிறகு முறைப்படி, கேள்வி கேட்க விருப்பமா என்று காசிமிடம் கேட்டார். காசிம் மெதுவாக எழுந்தார். தமிழிலேயே கேட்டார்.

"இந்தக் கடிதத்த பைலுக்குள்ள வெச்சது யாரு, தொர?"

நான்தான் என்றேன்.

"என்னத்துக்கு?"

பாதுகாப்புக்கு என்றேன். பின்னால் சிலர் சிரித்தார்கள். காசிம் சிரிக்கவில்லை.

"பதினொரு வருசமா நான் கண்டிக்கு வாறன். ஒங்கட ஜன்னலுக்குத்தான் வாறன். ஒவ்வொரு தரமும் பைல் பார்வையில இரிக்கி, பொறகு வாங்க எண்டுதான் நீங்க செல்லுவீங்க. இன்னெக்கித்தான் வெளங்குது. எவனும் தொடமாட்டான் எண்டு ஒங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிரிக்கி." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "என்ட காணி ஒங்கட மகன்ட கடிதத்துக்கு இரும்புப் பெட்டியா?"

மண்டபத்தில் அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. நான் சத்தியத்தின் கீழ் நின்றுகொண்டிருந்தேன். ஓம் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரை நான் எத்தனை தடவை திருப்பி அனுப்பினேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவருடைய முகம்கூட எனக்கு நினைவில் இல்லை. வயலின் பெயர் நினைவில் இருந்தது, கோவையின் இலக்கம் நினைவில் இருந்தது.

இந்த இடம் வரையில்தான் எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்வார்கள். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்வார்கள். என் மனைவி, நான் ஓடியதைத் தான் நேரில் பார்த்ததுபோல் நடித்துக்காட்டுவாள். (அவள் அப்போது அம்பிட்டியவில் கறி சமைத்துக்கொண்டிருந்தாள்.) கண்ணாடியைக் காணோம், சாவியைக் காணோம் என்று நான் வீட்டில் வாய் திறந்தால் போதும். "எந்தக் காணி வழக்கில போச்சோ, மாணிக்கத்தைக் கேளுங்கோ," என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். என் மகள் கல்யாணமாகிப் போன வீட்டிலும் இப்போது இதைச் சொல்கிறார்களாம். மிகுதியை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ரட்டேமாத்தயா நல்ல மனிதர். தாளைக் கழற்ற முடியாது, ஆனால் தம் முன்னிலையில் யாரும் அதைப் பார்க்கலாம் என்றார். பார்க்க வேண்டியவர் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் இருந்தார். மண்டபத்துக்கு வெளியே ஒரு நீண்ட மர வாங்கில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு அடித்தது. பேராசிரியர் புறப்பட்டிருப்பார். நான் அந்த வாங்கில் இருந்தபடியே கப்பலைப் பார்த்தேன். தந்தியைப் பார்த்தேன். ஐந்து சொற்களையும் ஒவ்வொன்றாக மறுபடி வாசித்தேன். யாரோ ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். காசிம் அனுப்பியது என்று தெரிந்ததும் என்னால் குடிக்க முடியவில்லை.

ஒன்று இருபதுக்கு ஒரு கார் வந்து நின்றது. குருநாகலுக்குப் போகும் பாதை அதுதான் என்பது, இருபத்திரண்டு வருடம் அந்தப் பகுதி வரைபடங்களோடு வாழ்ந்த எனக்கு அந்த நிமிடம்வரை தோன்றவில்லை. பேராசிரியர் முன்னால் இறங்கினார். பின்னால் நாதன் இறங்கினான்.

நான் பேராசிரியரின் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப்போனேன். நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து வைத்தார்கள். நான் முத்திரையைக் காட்டினேன். அதிபரின் கையொப்பத்தைக் காட்டினேன். சிவப்பு மை எங்கள் கந்தோருடையது, பொருட்படுத்த வேண்டாம் என்றேன். அவர் முழுவதையும் வாசித்தார். முன்னால் இருந்த நாற்பத்தாறாம் பக்கத்தையும் கொஞ்சம் வாசித்தார். அது ஒரு வாய்க்காலைப் பற்றியது. பிறகு என்னை மண்டபத்தின் ஓரத்துக்குக் கூட்டிச்சென்று தாழ்ந்த குரலில் பேசினார்.

காலை பத்து மணிக்கே என் மகன் அவரிடம் சொல்லிவிட்டானாம். தனக்குச் சென்னைக்கே திரும்பிப் போக விருப்பம். காய்ச்சலில் கிடந்தபோது விடுதியில் ஆறு பேர் முறை வைத்து இரவும் பகலும் இருந்து பார்த்தார்கள். அவர்களோடுதான் படித்து முடிக்க வேண்டும். அவனுக்கு நான்கு மாதமாக இதைத் தகப்பனிடம் சொல்ல வழி தெரியவில்லை. இதை என்னிடம் சொல்வது தம் வேலையல்ல என்றும், ஆனால் ஒரு தாளுக்காக இவ்வளவு தூரம் வந்த மனிதர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் பேராசிரியர் சொன்னார். திங்கட்கிழமை வரை இடம் இருக்கும், மனம் மாறினால் தந்தி அடித்தால் போதும், தாம் கடிதத்தைப் பார்த்தாயிற்று. தொப்பியை வைத்துக்கொண்டு, குருநாகல் பக்கம் போய்விட்டார்.

தந்தி அடிக்கவில்லை. அடுத்த மாதம் நாதன் கப்பலேறினான். இப்போது இறுதி வருடம். கிழமைக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். கடிதம் ஒரு நாள் பிந்தினால் நான் கந்தோரில் யாரோடும் பேசுவதில்லை. விசாரணை முடிந்து திரும்பிவந்த காசிமின் கோவையை அந்தத் திங்கட்கிழமையே என் கையால் துரையின் மேசைக்குக் கொண்டுபோய், அவர் பார்க்கும்வரை நகராமல் நின்றேன். இரண்டு மாதத்தில் வயல் பிரிக்கப்பட்டது. சென்னை அதிபரின் கடிதம் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. கழற்றுவதற்கான கட்டளையை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று கார் போன பிறகு நாங்கள் இருவரும் பாதையோரத்தில் கண்டி பஸ்ஸுக்காக நின்றோம். பதினைந்து நிமிடம் மிளகு காயவைத்த பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கடைசியில் எனக்குப் புரியாத ஒன்றை மட்டும் கேட்டேன். பத்து மணிக்கே எல்லாம் பேசி முடிந்துவிட்டது. கடிதமும் தேவையில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கலாமே, பிறகு ஏன் அந்த மனிதரைக் கெஞ்சிக் காரில் ஏறி இங்கே வந்தாய் என்று கேட்டேன்.

நாதன் என் கோட்டில் ஒட்டியிருந்த மிளகுச் சாக்கு நாரை எடுத்துப் போட்டான்.

"நீங்கள் தனியத் தேடிக்கொண்டு நிப்பியள், ஐயா," என்றான். "அதுதான் வந்தனான்."